துடைப்பதற்கு முன்

(சிவகிரியில் பட்டறைக்காரர்களும் டிரைவர்களும் தொழில் படிக்கும் மாணவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய கார் எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டை இறக்குவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். நட்டைக் கழற்றினால் ஹெட் கையோடு வரும், இதற்கு ஒரு சொற்பொழிவா என்று சிலருக்குத் தோன்றலாம். உண்மைதான், நம் பக்கத்துப் பட்டறைகளில் ஹெட்டை இறக்கத் தெரியாதவர் கிடையாது. ஆனால் இறக்கிய அடுத்த நிமிடம் என்ன நடக்கிறது? ஒரு பையன் பெட்ரோல் சட்டியைக் கொண்டுவந்து வைக்கிறான். இன்னொருவன் வயர் பிரஷ்ஷை எடுக்கிறான். பழைய கேஸ்கட்டை மடக்கி மூலையில் எறிகிறார்கள். கால் மணி நேரத்தில் ஹெட் பளபளவென்று ஆகிவிடுகிறது. அந்த எஞ்சினுக்கு என்ன வந்தது, ஏன் வந்தது என்று சொல்லக்கூடிய தடயம் அத்தனையும் அதே கால் மணி நேரத்தில் சட்டியில் கரைந்து போய்விடுகிறது. கேஸ்கட்டை மாற்றி வண்டியை அனுப்புகிறோம். ஆறு மாதத்தில் அதே வண்டி அதே கோளாறோடு திரும்பி வருகிறது. இது நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் இங்கே வந்தேன்.

சிவகிரியில் இதைப் பேசுவதற்குக் காரணமும் உண்டு. மதுரையிலிருந்து ராஜபாளையம் தாண்டி, நம் ஊர் வழியாக வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்று போய், புளியரையில் மலையேறி ஆரியங்காவு வழியாகக் கொல்லத்துக்கு இறங்குகிறது இந்தச் சாலை. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரலுக்கு ஒரு கூட்டம், கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டு மலைக்குப் போகிற ஒரு கூட்டம். அம்பாசிடரில் ஆறு பேர், மேலே கேரியரில் மூட்டை, இரண்டாவது கியரில் ஏற்றம். போதாதற்கு மார்கழியில் கிழக்குக் காற்று. மேற்கே ஏறுகிற வண்டிக்கு அது முதுகுப் பக்கமாக வரும். வண்டி மெதுவாகப் போகும்போது ரேடியேட்டரில் புகுகிற காற்று ஏற்கெனவே குறைவு. பின்காற்றில் அது இன்னும் குறையும். எஞ்சின் கொதிப்பதற்கு வேண்டிய எல்லாம் அந்த ஏற்றத்தில் ஒன்றுசேர்ந்து நிற்கும். கொதித்த எஞ்சினில் முதலில் அடிவாங்குவது ஹெட் கேஸ்கட். அதனால்தான் இந்த வழியில் இருக்கிற பட்டறைகளில் ஹெட் இறக்குகிற வேலை தலைமுறையாக ஓயாமல் நடந்திருக்கிறது.

எந்த ஹெட் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். அம்பாசிடர் 1957இல் வந்தது. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி, இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பு. தொடக்கத்தில் அதில் இருந்தது 1,476 சிசி சைடு வால்வ் எஞ்சின். அதில் வால்வுகள் பிளாக்கிலேயே இருக்கும், ஹெட் என்பது மேலே மூடுகிற ஒரு கனத்த இரும்புப் பலகைதான். 1959இல் பிஎம்சி பி வரிசையின் 1,489 சிசி எஞ்சின் வந்தது. அன்றிலிருந்து வால்வு, ராக்கர், போர்ட் எல்லாம் ஹெட்டுக்குள் குடியேறின. நாலு சிலிண்டர், எட்டு வால்வு, எரியும் வரிசை 1, 3, 4, 2. எரிகிற அறையின் வடிவம் இதயம் போல வளைந்திருக்கும். ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயர் வகுத்துக் கொடுத்த வடிவம் அது. உள்ளே போகிற வழி இரண்டுதான், இரண்டிரண்டு சிலிண்டருக்கு ஒன்று. வெளியே போகிற வழி மூன்று, நடுவில் உள்ள இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களுக்கு ஒரே பொது வாசல். அந்த நடு வாசல்தான் ஹெட்டில் அதிகமாகச் சூடேறும் இடம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரும்பு பிளாக், இரும்பு ஹெட். அம்பாசிடரின் பெரிய பலம் அது. பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட் 1100, 1974க்குப் பிறகு பிரிமியர் பத்மினி என்று பெயர் பெற்ற 1,089 சிசி வண்டி, அதில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். சூடேறும்போது அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் நீளும். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள ஹெட் 80 டிகிரி சூடேறினால் இரும்பு ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் 0.7 மில்லிமீட்டரைத் தாண்டும். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து நிறுத்தும்போதும் ஹெட்டும் பிளாக்கும் ஒன்றின் மேல் ஒன்று இழுபடுகின்றன, நடுவில் கேஸ்கட் தேய்கிறது. ஃபியட் ஹெட்டைச் சூடாக இருக்கும்போது கழற்றக் கூடாது என்று மூத்த மெக்கானிக்குகள் கண்டிப்பாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். சூட்டோடு நட்டைத் தளர்த்தினால் அலுமினியம் வளைந்த வாக்கிலேயே ஆறிவிடும். இரும்பு ஹெட்டுக்கும் அதே விதியை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க ஆறட்டும்.

நம் மாநிலத்து வண்டியையும் சொல்லிவிடுகிறேன். சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் ஹெரால்டு செய்தது. அதற்கு முன் ஸ்டாண்டர்டு வான்கார்டு இருந்தது. வான்கார்டில் லைனர் தண்ணீரில் நிற்கிற வகை. ஹெட்டைத் தூக்கியபின் எஞ்சினைச் சுற்றினால் லைனர் இடம்பெயர்ந்து அடியில் உள்ள சீல் போய்விடும், தண்ணீர் எண்ணெய்ச் சட்டிக்கு இறங்கும். ஹெட்டைத் தூக்கியதும் லைனரை வாசரும் நட்டும் போட்டு அமுக்கிக் கட்ட வேண்டும். எந்த வண்டி என்று தெரியாமல் எல்லா வண்டிக்கும் ஒரே பழக்கத்தைக் காட்டக் கூடாது.

இனி, இறக்கலாமா வேண்டாமா என்கிற கேள்வி. ஒரு டாக்ஸி டிரைவர் என்னிடம் வந்து சொன்னது இது:

"அண்ணாச்சி, ஆரியங்காவு ஏத்தத்துல கொதிச்சிட்டு. அன்னையிலருந்து தண்ணி ஊத்த ஊத்தக் குடிக்கு. ஹெட்ட இறக்கிருவோமா?"

"குடிச்ச தண்ணிய எங்க விடுது?"

"அதான் தெரியலயே."

தெரியாமல் இறக்கக் கூடாது. தண்ணீர் குறைந்தால் அது நாலு வழியில் போகலாம். வெளியே ஒழுகலாம், சிலிண்டருக்குள் போய் ஆவியாகலாம், எண்ணெயில் கலக்கலாம், அல்லது எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்து ரேடியேட்டர் மூடி வழியாகத் தண்ணீரை வெளியே தள்ளலாம். நான்கையும் ஹெட்டைத் தொடாமலே கண்டுபிடிக்கலாம். ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே குமிழ் குமிழாக விடாமல் வந்தால் அது வாயு. பிளக் நான்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி கம்ப்ரஷன் பாருங்கள். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் கேஸ்கட் அந்த இரண்டுக்கும் நடுவில் போயிருக்கிறது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ். ஏற்ற இறக்கமே இல்லாமல் நான்கும் சமமாக இருந்தால், ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வாட்டர் பம்பு, ஹோஸ், பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள அடைப்புத் தகடு எல்லாவற்றையும் பாருங்கள். அந்த டிரைவரின் வண்டியில் வாட்டர் பம்பின் அடியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடும்போது மட்டும் சொட்டும், காற்றில் காய்ந்துவிடும். ஹெட்டுக்கு வேலையே இல்லை.

எண்ணெய் மூடியின் அடியில் வெள்ளையாக, மோர் நிறத்தில் ஒரு பசை தெரிந்தால் கேஸ்கட் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டுகிறோம். சாரல் காலத்தில் இது நம்மை அடிக்கடி ஏமாற்றும். குற்றாலத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் குட்டிக் குட்டித் தூரமாக ஓடுகிற வண்டியில் எஞ்சின் சரியாகச் சூடேறாது, ஈரக் காற்று உள்ளே குளிர்ந்து எண்ணெயோடு கலந்து மூடியில் படியும். அதிலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த வண்டியாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கொதிக்கிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது நம் பக்கத்தில் வேரூன்றிப் போன ஒரு கெட்ட பழக்கம். கொதிப்புக்குக் காரணம் வேறெங்கோ இருக்க, அதை மறைப்பதற்குத்தான் அது உதவுகிறது. டிப் ஸ்டிக்கில் வரும் எண்ணெயைப் பாருங்கள். அது தெளிவாக இருந்து மூடியில் மட்டும் பசை இருந்தால், வண்டியை ராஜபாளையம் வரை நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வந்து மறுபடி பாருங்கள்.

சரி, இறக்கித்தான் ஆக வேண்டும் என்று முடிவாகிவிட்டது. பாட்டரி ஒயரைக் கழற்றியாயிற்று. ரேடியேட்டர்க் குழாயோடு பிளாக்கில் உள்ள குழாயையும் திறந்து தண்ணீரை வடியுங்கள். பிளாக்கில் உள்ளதைத் திறந்தால் பல வண்டிகளில் ஒரு சொட்டு வராது, துரு அடைத்திருக்கும். கம்பியை விட்டுக் குத்துங்கள். வருகிற சேற்றை ஒரு சட்டியில் பிடித்து வையுங்கள், கொட்டாதீர்கள். கார்புரேட்டர், மேனிஃபோல்டு, மேல் ஹோஸ், பிளக் ஒயர் என்று மற்றதெல்லாம் நீங்கள் அறிந்த வேலை. அதை விவரித்து நேரத்தைக் கடத்த வேண்டாம்.

ராக்கர் மூடியைத் திறந்தபின் நிதானிக்க வேண்டும். அம்பாசிடர் ஹெட்டைப் பிடித்திருப்பது 11 நட்டு. அதில் 4 நட்டு ராக்கர் பிராக்கெட்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. ராக்கரை மட்டும் கழற்றி ஒரு வேலை பார்க்கலாம் என்று அந்த நாலு நட்டை மட்டும் கழற்றினால் என்ன ஆகும்? ஹெட்டின் ஒரு பக்கம் பிடி விட்டுப்போகும், மறுபக்கம் முழு இறுக்கத்தில் நிற்கும். நாலு பேர் தூக்கிவருகிற கட்டிலில் ஒரு பக்கத்தார் மட்டும் கையை விட்டால் கட்டில் முறுக்கிக்கொள்வது போல ஹெட் முறுக்கும், கேஸ்கட்டின் பிடி உடையும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். எனவே ராக்கரைத் தொடுவதாக இருந்தால்கூடத் தண்ணீரை வடித்துவிட்டு, 11 நட்டையும் சேர்த்தே தளர்த்த வேண்டும். 9/16 ரிங் ஸ்பேனரோ பாக்ஸோ போட்டு, கையேட்டில் உள்ள வரிசைப்படி, கால் சுற்று கால் சுற்றாக. ஒரே நட்டை ஒரே மூச்சில் கழற்றுவது கூடாது. ஒவ்வொரு நட்டும் முதலில் விடுகிறபோது எப்படி விட்டது என்பதைக் கையில் கவனியுங்கள். டக்கென்று விட்டதா, இழுத்துக்கொண்டே வந்ததா, ஏற்கெனவே லூசாக இருந்ததா? லூசாக இருந்த நட்டின் எண்ணை நோட்டில் எழுதுங்கள். தடயம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

புஷ் ராடு எட்டையும் எடுக்கும்போது நேராக இழுக்காதீர்கள். எண்ணெய்ப் பிடிப்பில் அடியில் உள்ள டேப்பெட்டும் கூட வந்து நழுவி விழும். லேசாகத் திருகி விடுவித்துவிட்டுத் தூக்குங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு, 1 முதல் 8 வரை எண் எழுதி, வரிசையாகக் குத்தி வையுங்கள். ஒவ்வொரு ராடும் தன் டேப்பெட்டோடும் ராக்கரோடும் பல ஆண்டு தேய்ந்து பொருந்தியது. மாற்றிப் போட்டால் சத்தம் வரும், தேய்மானம் புதிதாகத் தொடங்கும்.

இப்போது ஹெட் அசையவில்லை. இங்கேதான் பலருக்குப் பொறுமை போகிறது. ஸ்குரூ டிரைவரைக் கேஸ்கட் இடுக்கில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி. அந்த ஓர் அடியில் விழுகிற கீறல் ஆயுளுக்கும் போகாது, அந்த இடத்தில் எந்தக் கேஸ்கட்டும் பிடிக்காது. அதற்குப் பதில் பிளக்குகளைத் திரும்பப் போட்டுவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பாருங்கள், உள்ளே சேர்கிற காற்றே ஹெட்டைக் கிளப்பும். வான்கார்டு மாதிரி லைனர் எஞ்சினில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். இல்லாவிட்டால் மரக்கட்டையை அணைத்துவைத்துப் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டுங்கள். ஃபியட்டில் ஸ்டட்டைச் சுற்றி வெள்ளையாக உப்பு பூத்து ஹெட்டைக் கவ்வியிருக்கும். அதற்குத் துரு நீக்கும் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் காத்திருப்பதுதான் வைத்தியம். கிளம்பியதும் இரண்டு பேராகப் பிடித்து, ஸ்டட்டின் போக்கிலேயே நேர் மேலாகத் தூக்குங்கள். அம்பாசிடர் ஹெட் நல்ல கனம், ஒற்றையாளாகக் குனிந்து தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹெட்டை மரப்பலகையில் முகம் மேலாக வையுங்கள். இனி அரை மணி நேரத்துக்குப் பெட்ரோல் சட்டி பக்கத்தில் வரக் கூடாது. செல்போன் எல்லாரிடமும் இருக்கிறது. ஹெட்டின் முகம், பிளாக்கின் முகம், கேஸ்கட்டின் இரண்டு பக்கம், நாலு படம் எடுங்கள். பிறகு உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் கேஸ்கட். சிலிண்டரைச் சுற்றி உள்ள வளையம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். எங்கேயாவது கருப்புக் கோடு வளையத்தைத் தாண்டி ஓடியிருந்தால் அதுதான் வாயு போன பாதை. அந்தக் கோடு தண்ணீர் ஓட்டையில் போய் முடிகிறதா, பக்கத்துச் சிலிண்டரில் போய் முடிகிறதா, வெளியே வருகிறதா என்று விரலால் தொடருங்கள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் எரிந்திருந்தால், முன்பு சொன்ன அந்தப் பொது வாசலின் சூட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கேஸ்கட்டுகளில் செம்புத் தகட்டுக்கு நடுவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காய்ந்த நிலையில் சுரண்டவோ வாயால் ஊதவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. நம் தொழிலில் மூச்சு முட்டி இளைத்துப்போன பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஈரமாக்கித்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து பிஸ்டன் தலை. ஓடிய எஞ்சினில் நான்கிலும் கரி படிந்திருக்க வேண்டும். எழுபதுகளின் அம்பாசிடர் ஒன்று, உள்ளூர்க்காரர் ஒருவரின் அப்பா வாங்கியது. புகை வருகிறது, எஞ்சின் முடிந்துவிட்டது, ரீபோர் செய்து பிஸ்டன் செட் மாற்ற வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். விற்றுவிடும் மனநிலையில்தான் அவர் இருந்தார். ஹெட்டைத் தூக்கிப் பார்த்தோம். 1, 2, 4 பிஸ்டன்களில் மங்கின கரி. மூன்றாவதில் கரியே இல்லை. அலுமினியம் அப்படியே தெரிந்தது, அதில் பொறித்திருந்த எழுத்தைக்கூடப் படிக்க முடிந்தது. உள்ளே கசிந்த தண்ணீர் ஆவியாகி ஆவியாகிக் கரியை உரித்திருக்கிறது. வந்த புகை எண்ணெய்ப் புகையே அல்ல, நீராவி. சிலிண்டர் போரில் விரலை விட்டுப் பார்த்தால் மேல் விளிம்பில் நகம் இடறவில்லை, தேய்மானம் சொற்பம். ஹெட்டின் மேல் நேர்ப்பட்டையை வைத்து ஃபீலர் கேஜ் விட்டுப் பார்த்ததில் மூன்றாவது சிலிண்டர்ப் பக்கம் பள்ளம் தெரிந்தது. லேத்தில் கொடுத்து லேசாக ஃபேஸ் செய்து, புதுக் கேஸ்கட் போட்டதோடு வேலை முடிந்தது. துடைத்துவிட்டிருந்தால் நான்கு பிஸ்டனும் ஒன்றாகத்தான் தெரிந்திருக்கும். அந்த மனிதர் தன் அப்பாவின் வண்டியை இழந்திருப்பார்.

வால்வுகள் வேறு கதை சொல்லும். எக்ஸாஸ்ட் வால்வ் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் இருந்தால் கலவை சரி. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் பற்றவில்லை, சூடு கூடுதல். இன்லெட் வால்வின் முதுகில் தடிமனாக எண்ணெய்க் கரி பிடித்திருந்தால் வால்வ் கைடு வழியாக எண்ணெய் இறங்குகிறது. ரிங்கைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வால்வின் தலை ஹெட்டுக்குள் எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்றும் பாருங்கள். அம்பாசிடரின் எக்ஸாஸ்ட் வால்வுகள் மற்றவற்றைவிடத் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் அதற்குப் பின்னால் பெரிய சரித்திரம் இருக்கிறது.

1921இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்பவர் பெட்ரோலில் ஈயச் சேர்மம் ஒன்றைக் கலந்தால் எஞ்சின் இடிக்காது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் பரவியது அது. அந்த ஈயத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வும் சீட்டும் மோதும் இடத்தில் மெல்லிய படலமாகப் படிந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துபோகாமல் காத்தது. அதை நம்பித்தான் பழைய இரும்பு ஹெட்டுகளில் தனிச் சீட்டு வைக்காமல் ஹெட்டின் இரும்பிலேயே சீட்டை வெட்டினார்கள். ஆனால் அதே ஈயம் சாலையோரக் குழந்தைகளின் ரத்தத்தில் கலந்து மூளையைப் பாதித்தது. இந்தியா முழுவதும் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயமில்லாப் பெட்ரோல்தான். அந்த முடிவு நூற்றுக்கு நூறு சரி. வண்டிதான் அதற்கேற்ப மாற வேண்டும். ஹெட் இறங்கியிருக்கிற இந்தச் சமயத்தில் எக்ஸாஸ்ட் சீட் நான்கையும் வெட்டி எடுத்துவிட்டு, கடினப்படுத்திய தனிச் சீட்டை இறக்கிப் பொருத்திவிடலாம். நல்ல லேத்காரர் ஒருவர் போதும். வால்வை அரைத்து அரைத்து உட்கார வைத்துக்கொண்டே போனால், ஒவ்வொரு முறையும் வால்வ் இன்னும் ஆழத்துக்குத்தான் போகும். மலையேறும்போது டேப்பெட் இடைவெளி காணாமல் போய், வால்வ் மூடாமல் எரியும்.

தண்ணீர்ப் பாதையையும் பாருங்கள். வாட்டர் பம்பு முன்னால் இருக்கிறது, வண்டல் கடைசியில், நாலாவது சிலிண்டருக்குப் பின்னால் போய்ச் சேரும். முன்பு சட்டியில் பிடித்து வைத்த சேற்றை இப்போது எடுங்கள். சிவப்பாக இருந்தால் துரு. வெள்ளையாகவும் கடினமாகவும் இருந்தால் போர்வெல் தண்ணீரின் உப்பு. அந்த உப்புப் படலம் இரும்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் போர்வையாக நின்று சூட்டை விடாது. கேஸ்கட்டை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் காரணம் உள்ளே இருந்துகொண்டே இருக்கும். கூலண்ட் ஊற்றுவது காசைக் கரியாக்குவது என்று நினைக்காதீர்கள். துரு தடுக்கும் மருந்து அதில் இருக்கிறது, கொதிநிலையும் உயரும். புளியரையில் கொதித்து நின்றுபோன வண்டியில், மூடியைத் துணி போட்டுத் திறந்து பச்சைத் தண்ணீரைக் குடத்தோடு சாய்க்கிறார்களே, அந்தக் காரியத்தால் விரிசல் விட்ட ஹெட்டுகள் எத்தனை! எஞ்சின் தானாக ஆறட்டும். ஐயப்பன் காத்திருப்பார்.

இத்தனையும் பார்த்து எழுதியபின் தாராளமாகத் துடையுங்கள். துடைக்கும்போது சிலிண்டர், எண்ணெய் ஓட்டை, தண்ணீர் ஓட்டை எல்லாவற்றையும் துணியால் அடையுங்கள். உப்புத்தாளால் பிளாக்கின் முகத்தைத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் ரிங்குக்குள் போனால் போர் போயிற்று. திரும்ப மாட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுக் கேஸ்கட்டின் மேல் சிலிக்கான் பசையைப் பூசுவது வேண்டாத வேலை. டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறை ஒன்றை வாங்கிக்கொள்ளட்டும். கைப்பழக்கம் போதும் என்கிறவர்களின் திறமையை நான் மதிக்கிறேன், ஆனால் 11 நட்டிலும் ஒரே இறுக்கம் எந்தக் கைக்கும் வராது. நடுவிலிருந்து வெளியே, சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள். டேப்பெட்டுக்கு ஒன்பது கணக்கு உங்களுக்குத் தெரியும்: எட்டாவது வால்வ் முழுக்கத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைப் பார், ஆறாவது திறந்திருக்கும்போது மூன்றாவதைப் பார், கூட்டினால் எப்போதும் ஒன்பது. கொஞ்ச தூரம் ஓட்டியபின் கையேட்டில் சொன்னபடி மறுபடி இறுக்கி, டேப்பெட்டையும் மறுபடி பார்த்துவிடுங்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். 2014 மே மாதத்தோடு அம்பாசிடர் நின்றுவிட்டது. வண்டலூர் ஹெரால்டும் குர்லா பத்மினியும் அதற்கு முன்பே போய்விட்டன. இந்த எஞ்சின்களைக் கையால் அறிந்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. இன்னொரு பக்கம், 50 ஆண்டு கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. எண் பலகையில் விஏ என்ற எழுத்து வரும். வாடகைக்கு ஓட்ட முடியாது. சேஸியையும் எஞ்சினையும் மாற்றித் திருத்தக் கூடாது. அதாவது பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை வைக்கிற குறுக்கு வழி இந்த வண்டிகளுக்கு இல்லை. இருக்கிற ஹெட்டைத்தான் சரிசெய்தாக வேண்டும். அந்த வேலை நம் கையில் இருக்கிறது, அதை எழுதிவைத்த ஏடு நம்மிடம் இல்லை. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரம் படித்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். பிரிப்பதே படிப்பு என்று வாழ்ந்த மனிதர்கள் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். ஒரு ஹெட்டுக்கு ஒரு பக்கம். வண்டி எந்த ஆண்டு, ஏன் இறக்கினோம், கம்ப்ரஷன் எவ்வளவு, எந்த நட்டு லூசு, கேஸ்கட் எங்கே எரிந்திருந்தது, பிஸ்டன் நிறம், வால்வின் ஆழம், சேற்றின் நிறம், என்ன செய்தோம். பழைய கேஸ்கட்டை எறியாமல் பாலிதீன் உறையில் போட்டு, வண்டி எண்ணை எழுதி, ஆணியில் மாட்டுங்கள். அடுத்த முறை அதே வண்டி வரும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிந்த இடம் ஒன்றேயானால் பிளாக்கின் முகத்தில் குறை இருக்கிறதா என்று பாருங்கள்.

நாளைக் காலை எட்டு மணிக்கு ஓர் அம்பாசிடர் ஹெட்டை இறக்கப் போகிறோம். கூட்டம் முடிந்ததும் பட்டறை இருக்கிற இடத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரியே தண்ணீரை வடித்து வைத்துவிடுவோம். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் கட்டாயம் வர வேண்டும், நட்டு விடுகிற சத்தத்தை வைத்தே அவர்கள் சொல்லுகிற சங்கதியைத் தம்பிகள் எழுதிக்கொள்ள வேண்டும். மாணவர்கள் ஆளுக்கொரு நோட்டும் பேனாவும் கொண்டுவாருங்கள். பெட்ரோல் சட்டியை நான் பூட்டி வைத்திருப்பேன். இப்போது உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.